அண்ணன் சாந்தமாகிவிட்டார் என்று நினைத்தோம்: எச்ஐவி மூளையையும் நரம்பையும் தொடும்போது வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது

வியாசர்பாடியில் எங்கள் தெரு முனையில் ஒரு கேரம் கிளப் இருக்கிறது. கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை, தலைக்கு மேல் தொங்கும் ஒரு பல்பு, போர்டைச் சுற்றி நாலு ஸ்டூல். ஆட்டோ ஓட்டி முடித்துவிட்டு வந்தால் என் அண்ணன் ராத்திரி பதினொன்று வரை அங்கேதான். அவருக்கு எதிரே உட்காரப் பசங்களுக்குப் பயம். ஆட்டத்துக்காகப் பாதி, வாய்க்காகப் பாதி. பவுடர் சரியில்லை, ஸ்ட்ரைக்கர் வெயிட் சரியில்லை, அவன் கோட்டைத் தாண்டி அடித்தான் என்று ஒவ்வொரு கேமுக்கும் ஒரு சண்டை இருக்கும்.

ஒரு கட்டத்தில் அந்தச் சண்டை நின்றுபோனது. “அண்ணன் இப்ப ரொம்ப சாந்தமாயிட்டாருக்கா” என்று பசங்களே என்னிடம் சொன்னார்கள். வயது நாற்பத்தாறு ஆகிறது, இப்போதாவது புத்தி வந்ததே என்று எனக்கும் சந்தோஷம். அது புத்தி வந்ததல்ல, மூளை மெதுவாகிப் போனது என்று எனக்குப் புரிய ஐந்து மாதம் பிடித்தது. அந்த ஐந்து மாதம் உங்கள் வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. வாசலில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். அண்ணனுக்கு 2008ல் எச்ஐவி இருப்பது தெரிந்தது. ஏஆர்டி மையத்துக்கு (எச்ஐவிக்குக் கூட்டு மருந்து கொடுக்கும் இடம்) அவரோடு போய் வந்து, வரிசையில் உட்கார்ந்து, டாக்டரையும் கவுன்சிலரையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இதில் இருக்கிறது.

தீ ஒரு இடம், புகை ஒரு இடம்

இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் சென்னையில்தான். 1986ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்த 2004லேயே தாம்பரம் ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருந்தது. இத்தனை வருஷப் பேச்சில் ரத்தம், எதிர்ப்பு சக்தி, டிபி என்று எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மூளை என்ற வார்த்தை மட்டும் விழுந்ததில்லை. அண்ணனுக்கு வரும்வரை எனக்கும் தெரியாது.

கிருமி உடம்பில் நுழைந்த முதல் சில வாரங்களிலேயே மூளைக்கும் போய்விடுகிறது. மூளைக்கு ஒரு காவல் சுவர் உண்டு, ரத்தத்தில் இருக்கும் எல்லாவற்றையும் அது உள்ளே விடாது. ஆனால் நம் வெள்ளை அணுக்களை விடும். கிருமி அந்த அணுவுக்குள் உட்கார்ந்துகொண்டு போகிறது. உள்ளே போனதும் அது நேராக நரம்பு செல்லைப் பிடிப்பதில்லை, மூளையைக் காக்கிற காவல்கார செல்களைப் பிடிக்கிறது. அந்தச் செல்கள் கெட்டுப்போய், வீக்கம் உண்டாக்கும் பொருள்களை விடாமல் கக்கிக்கொண்டிருக்கின்றன. கிருமியின் புரதங்களும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. பக்கத்தில் இருக்கும் நரம்பு செல் அதில் வாடுகிறது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீப்பிடித்தால் எம்.கே.பி. நகரில் வீடு எரியாது. ஆனால் கண் எரியும், குழந்தைக்கு மூச்சு இழுக்கும், வேலை ஓடாது. நரம்பு செல்லின் கதையும் அதுதான்.

இந்தப் புகை அதிகம் தாக்குவது மூளையின் உள்பகுதியை. நடை, கையின் வேகம், கவனம், ஒரு காரியத்தைத் தானாக ஆரம்பிக்கும் உந்துதல் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அதனால் வயதானவர்களுக்கு வரும் மறதி மாதிரி இது இருக்காது. ஆளை அடையாளம் தெரியும், பேர் தெரியும், பழைய கதை எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் எதுவும் மெதுவாகத்தான் வரும். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் நாம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டு, பேசவே மாட்டேன் என்கிறார் என்று கோபித்துக்கொள்வோம்.

மாத்திரை ஒழுங்காகப் போய், ரத்தத்தில் கிருமி அளவு (வைரல் லோடு) கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியவர்களுக்கு ஆளையே முடக்கும் மறதி நோய் வருவது இப்போது அபூர்வம். லேசான தடுமாற்றம் சிலருக்கு இருக்கலாம். அதிக ஆபத்து, தாமதமாக மருந்து ஆரம்பித்தவர்களுக்கும் நடுவில் விட்டவர்களுக்கும். சிடி4 (எதிர்ப்பு சக்தியைக் காட்டும் ரத்த அணுக் கணக்கு) ஒருமுறை ரொம்பக் கீழே போய்வந்தவர்கள் எப்போதுமே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் அண்ணன் அம்மா போன துக்கத்தில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மாத்திரையை விட்டிருந்தார். டப்பாக்கள் பீரோ மேலேயே திறக்காமல் இருந்தன. அது எங்களுக்குத் தெரிந்தபோது அவருடைய சிடி4 74.

என்னென்ன பார்க்க வேண்டும்

“மறதி இருக்கா?” என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்காதீர்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை எது என்று யோசித்து, அதைக் கவனியுங்கள். மீன் வெட்டுகிறவர் என்றால் கத்தி, பூ கட்டுகிறவர் என்றால் விரல். எங்கள் அண்ணனுக்கு ஸ்ட்ரைக்கர். முன்பெல்லாம் போர்டில் கை வைத்த நொடியில் அடித்துவிடுவார். அந்த வருஷம் விரலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்து, அதற்குள் பசங்க போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மின்ட் சவாரி ஏற்றிக்கொண்டு போனவர் மூலக்கொத்தளத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எந்தப் பக்கம் போகணும் என்று சவாரியையே கேட்டிருக்கிறார். இருபது வருஷம் ஓட்டிய ரோடு! இது எனக்கு ஸ்டாண்டில் இருப்பவர்கள் சொல்லித்தான் தெரியும். “தண்ணி போட்டுகினு வண்டி ஓட்றாரு போல” என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒரு நோட்டு வாங்குங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். தேதி போட்டு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் கருத்து அதில் வேண்டாம். என் நோட்டில் இருந்து மூன்று நாள்:

“செவ்வாய். பால் வாங்கப் போனார். பால் இல்லாமல் திரும்பி வந்தார். காசு கையிலேயே இருந்தது.”

“வெள்ளி. சட்டை பட்டன் போட ரொம்ப நேரம். கீழ் பட்டன் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். நான் சொன்னபிறகும் கவனிக்கவில்லை.”

“ஞாயிறு. கிளப்புக்குப் போகவில்லை. கூப்பிட்டார்கள், ‘வர்றேன்’ என்றார். கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். அழவில்லை, கோபம் இல்லை.”

கடைசி வரி முக்கியம். மனச்சோர்வு இருப்பவர் பெரும்பாலும் வருத்தப்படுவார், தூங்காமல் புரளுவார், அழுவார். இதிலோ வருத்தமே இல்லாமல் ஆள் அணைந்துபோன மாதிரி இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம், அதைப் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. எழுதிக் கொடுப்பது நம் வேலை.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது

முதலில் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். பேர் வேண்டாம். “டென்ஷன்” என்று சொல்லி சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். தப்பு என்மேலும் உண்டு, பயத்தில் எச்ஐவி இருப்பதை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் மூளை விஷயத்துக்கு வைத்தியம் பார்ப்பது வீண். நேராக ஏஆர்டி மையத்துக்கே போங்கள். வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாத்திரை வாங்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம், நடுவில் போனாலும் பார்ப்பார்கள். மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள். அவருக்குத் தெரியாமல் போகாதீர்கள். 2017ல் வந்த எச்ஐவி சட்டப்படி அவர் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை யாரிடமும் வெளிப்படுத்தக் கூடாது. “நானும் உள்ளே வர்றேன்ணா, நீ விட்டதை நான் சொல்றேன்” என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார்.

டாக்டருக்கு உங்களோடு பேசக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். வரிசை அப்படி. அதனால் முதலில் கவுன்சிலரிடம் உட்கார்ந்து முழுக்கதையும் சொல்லுங்கள். டாக்டரிடம் மூன்று விஷயம் போதும்: முன்னால் எப்படி, இப்போது எப்படி, எப்போதிலிருந்து. அப்புறம் மாத்திரை விட்ட கணக்கு. இதில் பொய் சொல்லாதீர்கள், திட்டினாலும் பரவாயில்லை. குடிப்பழக்கம், தூக்கம், வேறு என்ன மாத்திரை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அன்றைக்கு அந்த டாக்டர் செய்த சோதனை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இயந்திரம் ஒன்றும் இல்லை, கைக்கடிகாரம் மட்டும்தான். நாலு வார்த்தை சொன்னார்: நாய், தொப்பி, அவரை, சிவப்பு. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு எழுதாத கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நன்றாக விரித்து விரித்துத் தட்டச் சொன்னார், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு. ஐந்து நொடியில் 15 தட்டு வந்தால் முழு மார்க். அண்ணன் தட்டியது 9. காயினைச் சுண்டி வாழ்ந்த விரல் அது.

அடுத்து மேஜைமேல் கையை மூடிய முஷ்டியாக வைக்கணும், உள்ளங்கையை விரித்து வைக்கணும், கத்தி மாதிரி பக்கவாட்டில் நிறுத்தணும். இந்த மூன்றையும் வரிசை மாறாமல் திரும்பத் திரும்பச் செய்யணும். 10 நொடியில் நாலு சுற்று வரவேண்டிய இடத்தில் இரண்டோடு நின்றுவிட்டார். கடைசியாக அந்த நாலு வார்த்தை. ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துவிட்டு, “ரெட்டு” என்றார். கேரம்காரருக்கு அது மட்டும் தங்கியிருக்கிறது. ஒரு மிருகம் என்று துப்புக் கொடுத்தபிறகு நாய் வந்தது, ஒரு காய் என்றதும் அவரை வந்தது, தொப்பி கடைசிவரை வரவே இல்லை. மொத்தம் 12க்கு 6. 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது கணக்கு. இது நோயின் பேரைச் சொல்லும் பரீட்சை இல்லை, வடிகட்டிப் பார்க்கும் வழி. வீட்டில் இதைச் செய்து மார்க் போட்டு யாரையும் பயமுறுத்தாதீர்கள். இரண்டு முறை செய்தால் வார்த்தைகள் மனப்பாடமும் ஆகிவிடும், பிறகு டாக்டருக்குப் பிரயோஜனம் இல்லை.

இதன்பிறகு நிறைய ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். எதற்கு இவ்வளவு என்று சலிக்க வேண்டாம். எச்ஐவி இருப்பவருக்கு மூளை மெதுவானால் எச்ஐவிதான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. பி12 குறைவு, தைராய்டு, சர்க்கரை, சிபிலிஸ், மூளையில் டிபி, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, இதில் எதுவும் இருக்கலாம். பலவற்றுக்குத் தனி மருந்து இருக்கிறது. ஸ்கேன் எடுப்பார்கள். தேவைப்பட்டால் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பார்கள். “முதுகுல ஊசி போட்டா கால் விழுந்துடும்” என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் அந்த ஊசி போகிறது. சிலருக்கு அப்புறம் தலைவலி வரும். பயந்துகொண்டு கையெழுத்துப் போடாமல் திரும்பியவர்களை நான் வார்டில் பார்த்தேன், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காத்திருக்கவே கூடாதவை

இதற்கு நோட்டு, தேதி எல்லாம் கிடையாது. சில நாளாக விடாத தலைவலி, கூடவே காய்ச்சலோ வாந்தியோ. கழுத்து விறைப்பு. பார்வை இரண்டாகத் தெரிவது. வலிப்பு. ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது. ஒரே நாளில் பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் போவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே 108. குறிப்பாக சிடி4 100க்குக் கீழே இருப்பவர்கள், மருந்து ஆரம்பித்தோ மறுபடி ஆரம்பித்தோ சில வாரமே ஆனவர்கள். எதிர்ப்பு சக்தி திரும்பி வரும்போது உள்ளே பதுங்கியிருந்த தொற்று சீறி எழுவது உண்டு. அப்போதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மறக்கிற மூளைக்கு மறக்காத மாத்திரை

இதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. மாத்திரை விட்டதால் மறதி, மறதியால் இன்னும் மாத்திரை விடுவது. “ஞாபகமாப் போட்டுக்கோ” என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

அண்ணன் இப்போது எடுப்பது டிஎல்டி. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. அலாரம் வைத்தோம், அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அதனால் ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு கட்டிப்போட்டேன். மாத்திரை போடாமல் தட்டு வராது. மூடிமேல் டப்பா திறந்த தேதியை மார்க்கரில் எழுதுவேன், 30 மாத்திரையில் மீதி எத்தனை என்று ஞாயிற்றுக்கிழமை எண்ணுவேன். டப்பாவின் லேபிளைக் குடித்தனக்காரர்கள் பார்க்கக் கூடாதென்றால் டப்பாவோடு ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். மாத்திரையை வெளியே கொட்டி வேறு டப்பாவில் மாற்றாதீர்கள், ஈரம் படும்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற பிங்க் கலர் மருந்து, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, இவை டோலுடெக்ராவிரை உடம்பில் ஏறவிடாது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோதான் டிஎல்டி. வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், டிபி மருந்து ரிஃபாம்பிசினும் அதன் அளவைக் குறைக்கும். அதனால் வேறு எந்த டாக்டர் எதை எழுதினாலும் அந்தச் சீட்டை ஏஆர்டி மையத்தில் காட்டுங்கள்.

ஆட்டோ சாவி என் மெஷின் டிராயரில் இருக்கிறது. வண்டியை வாடகைக்கு விட்டோம். டாக்டர் சொல்லும்வரை ஓட்டக் கூடாது. இதில் மட்டும் நான் இரக்கம் காட்டவில்லை. மற்றபடி ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்வேன். “கடைக்குப் போயி பாலும் கொத்தமல்லியும் வாங்கிகினு, அப்பிடியே கரன்ட் பில்லு…” என்று ஆரம்பித்தால் பாலே வராது.

கால்

மூளையை விடக் கால் நரம்புத் தொந்தரவைத்தான் நிறையப் பேரிடம் பார்க்கலாம். இரண்டு காலிலும் ஒரே சமயத்தில், விரல் நுனியில் ஆரம்பித்து, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். எரிச்சல், குறுகுறுப்பு, அப்புறம் மரத்துப்போவது. கிருமியாலும் வரும், மருந்தாலும் வரும். அண்ணனுக்கு ஆரம்பத்தில் கொடுத்த ஸ்டாவுடின் அப்படிப்பட்டது. அவருக்கு மருந்தை மாற்றினார்கள், எரிச்சல் குறைந்தது, மரப்பு தங்கிவிட்டது. அந்த மருந்தைக் கைவிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2009ல் சொன்னது, இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. டிபி வராமல் இருக்கக் கொடுக்கும் ஐசோனியசிட் நரம்பைத் தொடும், அதற்குத்தான் கூடவே பி6 தருகிறார்கள். சின்ன மாத்திரைதானே என்று அதை விடாதீர்கள். சாராயம் இதை இன்னும் மோசமாக்கும்.

ஒருநாள் தெருக் குழாயில் இருந்து குடத்தோடு வந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. அவருக்குத் தெரியவே இல்லை. அன்றிலிருந்து பின்பட்டை உள்ள செருப்பு. ராத்திரி போன் டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் பார்ப்பேன், முள், கொப்புளம், வெடிப்பு. வெந்நீரை அவர் காலால் பார்க்கக் கூடாது, முழங்கையால்தான் பார்க்க வேண்டும். போர்வை பட்டாலே எரிகிறது என்றால் கால்மாட்டில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து அதன்மேல் போர்வையைப் போடுங்கள். எரிச்சலுக்குத் தனி மருந்து உண்டு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை இதற்குக் கேட்காது.

மறுபடி மாத்திரை ஆரம்பித்து ஆறாம் மாதம் வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்தது. மூளை அந்த வேகத்தில் திரும்பாது, முழுக்கத் திரும்பும் என்றும் டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை. எட்டாம் மாதம் ஐந்து நொடியில் 13 தட்டினார். நோட்டை நான் நிறுத்தவில்லை. போன வாரத்துப் பக்கம் இது:

“ஞாயிறு. கிளப்புக்குத் தானாகப் போனார். ரெட் போட்டார், ஃபாலோ விழவில்லை. ‘இன்னாடா பவுடர் போட்டு வெச்சிருக்கீங்க’ என்று ஆரம்பித்து பத்தரை மணிவரை சண்டை. பசங்க என்னிடம் வந்து புகார் சொன்னார்கள்.”